நிறுத்தமும் நிறுத்தாமையும்

திரையில் தமிழ் தெரிந்தால் அந்த மென்பொருளுக்கும் தமிழ் தெரியும் என்று நம்பியவன் நான். சிரிக்க வேண்டாம். நம் மொழியில் கண்ணுக்குத் தெரிவதற்கும் அறிவுக்குத் தெரிவதற்கும் ஒரே சொல்தான் இருக்கிறது. குழம்புவதற்கு எனக்கு முழு உரிமை உண்டு. முகம் பார்க்கும் கண்ணாடியில் கூடத்தான் என் முகம் தெரிகிறது. அதற்காகக் கண்ணாடிக்கு என்னைத் தெரியும் என்று யாரும் சொல்வதில்லை. இந்தச் சின்ன விஷயம் எனக்கு உறைப்பதற்குள், ஒரு மனிதன் பதற்றத்தில் செய்யக்கூடியதை எல்லாம் ஒன்று விடாமல் செய்து முடித்திருந்தேன்.

போன வாரம் நம் குழுவில் நீங்கள் போட்ட செய்தியைப் பார்த்தேன். திட்டப் பக்கங்களுக்குப் புது விக்கி மென்பொருள் தேர்ந்தெடுக்கப் போகிறீர்களாம். அனுபவசாலி என்ற முறையில் நான் தலைமை தாங்க வேண்டுமாம். படித்த உடனே எனக்கு நிஜமாகவே விக்கல் வந்துவிட்டது. விக்கி என்ற பெயரை வைத்தவருக்குத் தமிழ் தெரிந்திருக்க வாய்ப்பில்லை, ஆனால் எங்கோ ஒரு அசரீரி அவர் காதில் ஓதியிருக்க வேண்டும். தம்பிகளே, தங்கைகளே, அனுபவசாலி என்றால் ஏற்கெனவே ஒருமுறை கெடுத்தவன் என்று பொருள். என்னைத் தலைவராகப் போடுவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள்.

நம் திட்டம் என்னவென்று உங்களுக்குத் தெரியும். ஆனாலும் நேற்றுச் சேர்ந்தவர்களுக்காகச் சொல்கிறேன். தருமபுரி மாவட்டத்துப் பேருந்து நேரங்களை இணையம் இல்லாமலே கைபேசியில் காட்டும் இலவசச் செயலி. நிரலை யாரும் எடுத்துத் திருத்தலாம். செயலிக்குப் பின்னால் ஒரு விக்கி, அதாவது யார் வேண்டுமானாலும் எழுதித் திருத்தக்கூடிய பக்கங்கள். ஊருக்கு ஒரு பக்கம், தடத்துக்கு ஒரு பக்கம். இவற்றுக்கு நடுவில் முக்கியமான இரண்டு பக்கங்கள் இருந்தன. ஒன்றின் பெயர் ‘நிறுத்தம்’. எந்த வண்டி எங்கே நிற்க வேண்டும் என்று காகிதத்தில் இருக்கிறதோ, அது அப்படியே அதில் இருக்கும். இன்னொன்றின் பெயர் ‘நிறுத்தாமை’. காகிதத்தில் நிற்கிற வண்டி சாலையில் எங்கே நிற்காமல் போகிறது என்று மக்கள் எழுதி வைக்கும் பக்கம் அது.

நிறுத்தாமை என்ற தலைப்பை வைத்தவன் நானே. ‘நிற்காமை’ என்று வைத்தால் வண்டியின் மேல் குற்றம் சொல்வது போல இருக்கிறது, நிறுத்த வேண்டியவர் ஒரு மனிதர் அல்லவா என்று இலக்கணம் பேசி வைத்தேன். அன்று வாயை மூடிக்கொண்டு நிற்காமை என்றே விட்டிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை.

நிறுத்தாமைப் பக்கத்தின் பாதிக்கு மேல் பர்வீன் எழுதியது. தீர்த்தமலையிலிருந்து அரூர் வரும் சாலையில் ஊத்துக்குழி பிரிவு என்று ஓர் இடம். அங்கிருந்து உள்ளே போனால் அவருடைய வீடு. அரூரில் ஒரு மருந்துக்கடையில் பில் போடும் வேலை. கடை திறக்கும் நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டுமென்றால் காலையில் ஒரே ஒரு வண்டிதான் உண்டு. அந்த வண்டி பிரிவில் நிற்க வேண்டும் என்று காகிதத்தில் இருக்கிறது. அதற்கு அந்தக் காகிதத்தைப் படிக்கும் பழக்கம் இல்லை.

பர்வீன் சாலையோரத்தில் நின்றபடியே கைபேசியில் எழுதுவார். நிறுத்தாமையில் எத்தனை வகை இருக்கிறது என்று அவர் எழுதித்தான் நான் தெரிந்துகொண்டேன். ஓட்டுநர் கையைப் பின்பக்கம் காட்டினால் பின்னால் இன்னொரு வண்டி வருகிறது என்று பொருள், வராது. முன்பக்கம் காட்டினால் தள்ளி நிறுத்துகிறேன் என்று பொருள். ஓட வேண்டும், கிட்டே போகும்போது கிளம்பிவிடும். மூன்றாவது வகையை அவர் நேரில் சொல்லிக் கேட்க வேண்டும்.

“சரியா நம்மூரு பிரிவு வந்தா மட்டும் மலையைத் திரும்பிப் பாத்துக் கும்புட்டுக்குவாருங்ணா. சாமி கும்புடறவரைப் போயி நாம என்னான்னு கேக்கறது?”

“மலை அவருக்குப் பின்னாடி இல்லம்மா இருக்குது?”

“அதுக்கோசரந்தாங்க திரும்பிப் பாக்கறாரு.”

இப்படி ஒவ்வொரு முறையும் தேதி போட்டு, வண்டியில் இடம் இருந்ததா, கூட யார் நின்றார்கள் என்று எழுதி வந்தார். பால் கேன் கொண்டு போகிறவர்கள், பள்ளிக்கூடத்து டீச்சர் ஒருவர் என்று பிரிவில் நிற்கும் மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். இதெல்லாம் பொழுதுபோக்கு இல்லை. அடிக்கடி தாமதமாகப் போனதில் கடைக்காரர் கடைசியாக ஒருமுறை சொல்லிவிட்டார். இனி நேரத்துக்கு வர முடியவில்லை என்றால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறேன் என்று. வண்டி நின்றால் வேலை உண்டு, நிற்காவிட்டால் இல்லை. அவ்வளவுதான் கணக்கு.

அதனால் பர்வீன் ஓர் அலுவலகத்தில் மனுக் கொடுத்தார். எந்த அலுவலகம் என்று சொல்ல மாட்டேன், அங்கே யார் மேலும் தப்பில்லை. வெறும் புகாராக இல்லாமல் ஆதாரம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார்கள். பர்வீன் நம் நிறுத்தாமைப் பக்கத்தின் இணைப்பை மனுவிலேயே எழுதிக் கொடுத்தார். பார்க்கிறோம் என்றார்கள். அவர்கள் பார்க்கிறோம் என்று சொன்ன அதே சமயத்தில்தான் நான் விக்கியை மாற்றும் திருப்பணியைத் தொடங்கினேன்.

பழைய விக்கி முக்கி முனகிக்கொண்டிருந்தது உண்மை. கைபேசியில் எழுதினால் பாதியில் தூங்கிவிடும். மாற்ற வேண்டும் என்பதில் சந்தேகம் இல்லை. கல்லூரிக் கணினிக்கூடத்து வேலையிலிருந்து நான் அப்போதுதான் விருப்ப ஓய்வு வாங்கியிருந்தேன். வேலை இல்லாதவனுக்கு ஒரு திட்டம் கிடைத்தால் அது திட்டத்துக்குக் கெட்ட நேரம். குழுவில் விவாதம் ஆரம்பமானது. பாலக்கோட்டில் தக்காளி மண்டிக்கு எதிரே கைபேசி பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கும் மாதேஷ் எனக்குத் துணை. அவன் நிரல் எழுதுகிறவன், நான் கருத்துச் சொல்கிறவன்.

மூன்று மென்பொருள்கள் இறுதிச் சுற்றுக்கு வந்தன. முதலாவது, பெரிய கலைக்களஞ்சியங்களைத் தாங்குகிற யானை. நம்முடைய சின்னச் சர்வரில் அதை ஏற்றினால் சர்வர் உட்கார்ந்துவிடும். இரண்டாவது, தரவுத்தளமே இல்லாமல் வெறும் கோப்புகளை வைத்து ஓடும் எளிய பிராணி. மூன்றாவது புதிதாக வந்தது. பளபளவென்று இருந்தது, கைபேசியில் தமிழ் எழுத்து முத்து முத்தாகத் தெரிந்தது.

எளிய பிராணியில் ஒரு குறையை நானே கண்டுபிடித்தேன். நீளமான தமிழ்த் தலைப்புக் கொடுத்தால் பக்கம் சேமிக்க மறுத்தது. ஒரு தமிழ் எழுத்தைச் சர்வரில் கோப்புப் பெயராக எழுத அது பத்து எழுத்து இடத்தை விழுங்குகிறது, பெயர் நீண்டால் கோப்பு தாங்காது என்று மாதேஷ் விளக்கினான். அன்று எனக்கு வந்த பெருமை இருக்கிறதே. தமிழுக்கு ஒத்து வராத மென்பொருளை மோப்பம் பிடித்துவிட்டேன் என்று குழுவில் நீளமாக எழுதினேன். ஒன்றில் குறையைக் கண்டுபிடித்தவுடன் மற்றதில் குறையே இல்லை என்று மனம் தானாக முடிவு கட்டிவிடுகிறது. உங்கள் குழுவில் யாராவது ஒரு குறையைக் கண்டுபிடித்துக் கைதட்டல் வாங்கினால், அந்த ஆளிடம் கொஞ்ச நாளைக்கு எந்த முடிவையும் கொடுக்காதீர்கள்.

பளபளப்பான மூன்றாவதை நான் சோதிக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். ‘தருமபுரி’ என்று ஒரு பக்கம் உண்டாக்கினேன். தலைப்பில் தருமபுரி என்றே வந்தது. உள்ளே எழுதினேன், வந்தது. தேடினேன், வந்தது. இதற்கு மேல் ஒரு மென்பொருளுக்கு என்ன தமிழ் தெரிய வேண்டும்?

நம் குழுவில் அப்போது ஒரு சீனியர் இருந்தார். பெயரை எங்கேயும் போடக்கூடாது என்பது அவர் கட்டளை. பாலக்கோட்டுக்காரர், பெங்களூரில் பெரிய பெரிய சர்வர்களோடு மல்லுக்கட்டி முடியெல்லாம் கொட்டியவர், பாதி கன்னடமாகிவிட்ட தமிழ் பேசுவார்; அவருக்கு அப்பா என்பது கணப்பா, வேண்டாம் என்பது பேடா. முடிவைச் சொல்லப் போன் போட்டேன்.

“எதை வேணும்னாலும் எடுத்துக்கோ கணப்பா. பழசை மட்டும் உடனே அணைக்க பேடா.”

“ரெண்டும் ஓடிச்சுன்னா சனங்க பழசுலயே போயி எழுதுவாங்க சார். பிறகு எது நிஜம்னு குழப்பமாயிடும்.”

“ஆகட்டும். குழப்பமானா சரி பண்ணலாம். இல்லாமப் போனா?”

நான் சொன்னதும் நியாயம்தான், இன்றைக்கும் அதை மறுக்க மாட்டேன். இரண்டு நியாயங்கள் மோதும்போது எதனால் வரும் நாசத்தைத் திருப்பிச் சரி செய்ய முடியும் என்று பார்த்து அந்தப் பக்கம் சாய வேண்டும். இது இப்போது எனக்கு நன்றாகத் தெரிகிறது. அப்போது எனக்கு எல்லாப் பக்கத்தையும் இடம் மாற்றிவிட்டுத் திருஷ்டிப் பூசணிக்காய் உடைக்க வேண்டும் என்ற அவசரம். சர்வர் எங்கோ கடல் தாண்டி இருந்ததால் மடிக்கணினியைச் சுற்றிப் பூசணிக்காய் உடைத்தேன், அதன் கீழே எலுமிச்சம்பழம் வைத்தேன். பழைய இணைப்புகளைப் புதிய தளத்துக்குத் திருப்பிவிட்டுப் பழையதை அணைக்கச் சொன்னேன். ஒரு நகல் மட்டும் கையில் வைத்துக்கொண்டேன்.

அபாயமணி ஒருமுறை அடித்தது. சரியாகச் சொன்னால், சிரித்துக்கொண்டே அடித்தது.

“அண்ணா, பாலக்கோடு பக்கத்தைத் தொறந்தா பாலக்காடு வருதுங்க” என்றான் மாதேஷ்.

கோயம்புத்தூரிலிருந்து யாரோ ஒரு நல்லவர் பாலக்காட்டுக்கும் ஒரு பக்கம் எழுதி வைத்திருந்தார். நானும் மாதேஷும் வயிறு வலிக்கச் சிரித்தோம். ஏனென்றால் இது எங்களுக்குப் பழகிய கதை. பாலக்கோட்டுக்காரனுக்கு வரும் பார்சல் கேரளாவைப் பார்த்துவிட்டுத்தான் வரும். முகவரியைச் சொல்லும்போதே ‘கோடு, காடு இல்லீங்க’ என்று சேர்த்துச் சொல்வது அந்த ஊரில் பழக்கம். மாதேஷின் கல்யாணப் பத்திரிகையில் கூட அச்சகத்தில் காடு என்று போட்டு, திருத்தி வாங்கினார்கள்.

“மனுசந்தான் மாத்திப் போடறான்னு பாத்தா மிசினுமாண்ணா?”

“எவனோ தலைப்பைத் தப்பா அடிச்சிருப்பான் வுடு” என்று சொல்லிவிட்டு நான் பாலக்கோட்டுப் பக்கத்தை நகலிலிருந்து எடுத்து வேறு பெயரில் ஒட்டினேன். மனிதர்கள் வழக்கமாகச் செய்யும் பிழையை இயந்திரம் செய்ததும், அதைச் செய்தது மனிதன்தான் என்று நினைத்துக்கொண்டோம். வேறு ஊர்க்காரர்களாக இருந்தால் இது என்ன வினோதம் என்று தோண்டிப் பார்த்திருப்பார்கள். நாங்கள் பழகிப் போயிருந்தோம்.

பிறகு ஒரு காலை, பிரிவில் நின்றுகொண்டே பர்வீன் போன் செய்தார். பின்னால் லாரிகள் போகும் சத்தம்.

“அண்ணா, நேத்து ஆபீசுல இருந்து பேசினாங்க. நம்ம பக்கத்தைப் பாத்தாங்களாம்.”

“சந்தோசம்மா. என்ன சொன்னாங்க?”

“ஊத்துக்குழி பிரிவுல காலை வண்டி நிக்கும்னு நீங்களே போட்டிருக்கீங்களே, அப்பறம் என்னாத்துக்கு மனுன்னு கேக்கறாங்க.”

“நிக்கும்னா?”

“நானும் இப்பத்தான் தொறந்து பாத்தங்க. நான் எழுதினது ஒண்ணு கூட இல்லீங்ணா. தலைப்பே நிறுத்தம்னு இருக்குது. வண்டி எல்லா எடத்துலயும் நிக்குதுங்க.”

கூடவே, “இப்பக்கூட ஒண்ணு நிக்காமத்தான் போச்சு” என்றார்.

நான் பதறினால் என் கை தானாக எதையாவது அணைத்து அணைத்துப் போடும். மடிக்கணினியை அணைத்துப் போட்டேன். மோடத்தை அணைத்துப் போட்டேன். மின்விசிறியையும் அணைத்துப் போட்டேன் என்று வீட்டில் இன்னமும் சொல்லிக் காட்டுகிறார்கள். எலுமிச்சம்பழத்தை எடுத்துப் பார்த்தேன். அது நன்றாகத்தான் இருந்தது. பேருந்தைப் பிடித்துப் பாலக்கோட்டுக்கு ஓடினேன். போனிலேயே பேசியிருக்கலாம். தனியாக நடுங்குவதைவிட யார் முன்னாலாவது நடுங்குவது ஆறுதலாக இருக்கும் என்று தோன்றியது.

மாதேஷ் கடைப் பலகையில் ஒரு பழைய ரசீதைத் திருப்பிப் போட்டு நிறுத்தம் என்று எழுதினான். கீழே நிறுத்தாமை என்று எழுதினான். பிறகு ஒவ்வோர் எழுத்திலும் ஒட்டிக்கொண்டிருக்கிற கால், கொம்பு, புள்ளி எல்லாவற்றையும் பேனாவால் அடித்துக்கொண்டே வந்தான். முதல் வரியில் மிச்சம் நின்றது: நறததம. இரண்டாவது வரியில்: நறததம.

“பக்கத்தோட முகவரியை இப்படித்தாண்ணா உண்டாக்குது. எழுத்தை மட்டும் வெச்சுக்கிட்டு மத்ததெல்லாம் குப்பைன்னு வுட்டுடுது. இதைச் செஞ்சவங்க ஊர் எழுத்துக்கு மேல கீழ எதுவும் இருக்காது. முகவரி ஒண்ணானா பக்கமும் ஒண்ணு. மொதல்ல நிறுத்தாமை போயிருக்குது. அப்பறம் நிறுத்தம் போயி அது மேல ஏறி உக்காந்துக்கிச்சு.”

“நாம முகவரியைப் பாக்கவே இல்லியே?”

“தமிழ் முகவரி எல்லாம் திரையில வரிசையா சதவீதக் குறியும் எண்ணுமாப் புழு மாதிரி நெளியும். எவன் படிப்பான்?”

சிறுவயதில் எழுத்துகளுக்கு மேல்விலங்கு, கீழ்விலங்கு என்று சொல்லிக் கொடுத்தது நினைவிருக்கிறதா? அந்த விலங்கை எல்லாம் உடைத்துத் தமிழுக்கு விடுதலை வாங்கிக் கொடுத்திருந்தது என்னுடைய பளபளப்பான மென்பொருள். தேடத் தேடக் கிடைத்தது. ‘வழி’ என்ற பக்கத்தைத் திறந்தால் ‘விழா’ வந்தது. மலைக்குப் போக வழி தேடியவர்களுக்கு ஒரு மாதமாக நாங்கள் திருவிழாச் சிறப்பு வண்டிகளைக் காட்டிக்கொண்டிருந்திருக்கிறோம். யாரும் புகார் சொல்லவில்லை. நம் செயலியிடம் அவ்வளவுதான் எதிர்பார்க்கிறார்கள் போல.

நகலில் எழுத்துகள் எல்லாம் பத்திரமாக இருந்தன. ஆனால் அதில் எழுத்து மட்டும்தான் இருந்தது. யார் எழுதினார், என்றைக்கு எழுதினார் என்று பழைய விக்கி தானாகக் குறித்து வைத்திருந்த வரலாறு அணைத்த சர்வரோடு போய்விட்டது.

இனிமேல் சொல்லப்போவதைத்தான் நீங்கள் கவனமாகப் படிக்க வேண்டும். மென்பொருள் எழுத்தின் காலை வெட்டியது தொழில்நுட்பம். அதைச் சரிசெய்யச் சின்னப் பையன்களுக்கே தெரியும். அடுத்துச் செய்தது மனிதன்.

பர்வீன் மாலையில் வேலை முடிந்து பேசினார். அலுவலகத்தில் இரண்டு நாளில் நேரில் வரச் சொல்லியிருந்தார்கள். கடைக்காரரிடம் அரை நாள் அனுமதி கேட்டதில் அவர் முகம் கொடுத்தே பேசவில்லையாம்.

“அண்ணா, நேராப் போயி சொல்லிப்புடலாங்க. பக்கம் மாறிப் போச்சு, எங்க தப்புதான், பிரிவுல நிக்கறவங்க எல்லாத்தையும் நேர்ல கூப்புட்டுக் கேளுங்கன்னு. டீச்சர் வரேன்னு சொல்றாங்க.”

“அவசரப்படாதம்மா. நான் பக்கத்தைத் திரும்பக் கொண்டுவந்துடறேன். நாம போயி தொறந்து காட்டும்போது எல்லாம் எடத்துல இருக்கும். ஏன் நாமளே போயி தப்புன்னு ஒத்துக்கணும்?”

“முன்னாடி ஏன் வேற மாதிரி இருந்துச்சுன்னு கேட்டா?”

“யாரு கேக்கப் போறாங்க?”

அந்தப் பெண்ணுக்கு வேலை போகப் போகிறது. எனக்கோ, நான் தேர்ந்தெடுத்த மென்பொருள் சொதப்பிவிட்டது என்று வெளியே தெரியக் கூடாது. இந்த இரண்டில் எது பெரிய ஆபத்து என்று அந்த நிமிடம் என் மண்டைக்குள் ஒரு தராசு ஆடியது. தராசு பிடித்தவன் நான், எடை போட்டவனும் நான், ஒரு தட்டில் உட்கார்ந்திருந்தவனும் நான்.

நிறுத்தாமைப் பக்கத்தை நகலிலிருந்து எடுத்து மறுபடி ஏற்றினேன். அதே பெயரில் ஏற்றினால் நிறுத்தம் அழிந்துவிடும் என்பதால் ‘நிறுத்தாமை 2’ என்று பெயர் வைத்தோம். எண்ணை மட்டும் அந்த மென்பொருள் வெட்டாதாம். ஓடாத படத்துக்கு இரண்டாம் பாகம் எடுத்த மாதிரி இருக்கிறது என்றான் மாதேஷ். பர்வீனின் வரிகள் எல்லாம் வந்துவிட்டன. பின்பக்கம் காட்டிய கை, முன்பக்கம் காட்டிய கை, மலையைக் கும்பிட்ட கை. திருப்தியாக இருந்தது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனேன்.

அந்த அலுவலகத்து அம்மா நல்லவர். எங்களுக்குத் தண்ணீர் கொடுத்து உட்கார வைத்தார். நான் என் கைபேசியில் பக்கத்தைத் திறந்து நீட்டினேன். அவர் நிதானமாகப் படித்தார். மலையைக் கும்பிடும் இடத்தில் சிரித்துவிட்டார். நான் பர்வீனைப் பார்த்து ஜெயித்த மாதிரி தலையாட்டினேன். அந்த அம்மா திரையைக் கீழே கீழே தள்ளிக்கொண்டே போய் அடியில் நின்றார்.

“இது யாருங்க, நிர்வாகி?”

“நான்தானுங்க” என்றேன்.

“எல்லாத்தையும் நீங்கதான் எழுதினீங்களா?”

“இல்லீங்க, இவங்கதான். நான் ஏத்தினது மட்டும்...”

“எழுதினது நிர்வாகின்னு இருக்கு. எழுதின தேதி நேத்துன்னு இருக்கு. மொத்தமும் நேத்து ஒரே மூச்சுல எழுதின மாதிரி காட்டுதே. அன்னிக்கு நான் பாத்தப்ப வண்டி நிக்கும்னு இருந்துச்சு. நான் போன் பண்ணின பிறகு நிக்காதுன்னு ஆயிருக்கு.” அவர் குரலில் கோபமே இல்லை. “நான் நம்பறேனா இல்லையாங்கறது வேற. மேல இருக்கறவங்களுக்கு இதை நான் என்னன்னு எழுதி அனுப்பட்டும், சொல்லுங்க.”

கால், கொம்பு, புள்ளி, மேல்விலங்கு எல்லாவற்றையும் விளக்க ஆரம்பித்தேன். நறததம என்று உச்சரித்துக் கூடக் காட்டினேன். அந்தச் சொல்லை அரசாங்க அறையில் உரக்கச் சொன்ன முதல் மனிதன் நானாகத்தான் இருப்பேன். பக்கத்து மேசைக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்த அம்மா இன்னொரு டம்ளர் தண்ணீர் கொடுத்தார். எனக்கு விக்கியது.

பர்வீன் நாற்காலியைத் தள்ளினார். எழுந்து, “மேடம், பக்கத்தை வுடுங்க. நாளைக்குக் காலைல ஒரு ஆளை அனுப்புங்க, பிரிவுல என் கூட வந்து நிக்கட்டும்” என்றார்.

“முதல்லயே இதைச் சொல்லியிருந்தா அனுப்பியிருப்பேம்மா. இப்ப பக்கம் மாத்தினவங்கன்னு ஆயிடுச்சே. இது விசாரணை முடிஞ்சதுன்னு போயிடும். திரும்பப் புதுசா மனு குடுங்க, பாக்கலாம்.”

வெளியே வந்து பேருந்து நிலையம் வரை நடந்தோம். ஏதாவது சிரிப்பாகச் சொல்ல வேண்டும் என்று தேடினேன். பர்வீன்தான் பேசினார்.

“நீங்க ஒண்ணும் நெனைக்காதீங்கண்ணா. முன்னாடியே நாம சொல்லியிருந்தா சரியாப் போயிருக்கும்.”

‘நாம’ என்றார். ‘நீங்க’ என்று சொல்ல வேண்டிய இடத்தில் அவர் எனக்காகப் போட்ட சொல் அது.

புதிதாக வந்திருப்பவர்களே, எந்த விக்கி நல்லது என்று என்னைக் கேட்காதீர்கள். எதை எடுத்தாலும் பாலக்கோடு, பாலக்காடு என்று இரண்டு பக்கம் உண்டாக்கிப் பாருங்கள். இரண்டும் தனித்தனியாக நின்றால் பாதி வேலை முடிந்தது. பழையதை அணைக்காதீர்கள். யார் எழுதினார், எப்போது எழுதினார் என்பதை எழுத்தோடு சேர்த்துக் கொண்டுவர முடியாத மென்பொருள் எவ்வளவு பளபளத்தாலும் வேண்டாம். அங்கே எழுதுகிறவர்களுக்குச் சில சமயம் அது ஒன்றுதான் சாட்சி. இதெல்லாம் எந்தக் கையேட்டிலும் கிடைக்கும். கிடைக்காதது ஒன்று உண்டு. உங்கள் தப்பால் இன்னொருவர் மாட்டிக்கொண்டிருக்கும்போது, தப்பைத் திருத்துவதா, தப்பைச் சொல்வதா என்று ஒரு கணம் வரும். திருத்தத் தெரிந்தவனுக்குக் கை முதலில் திருத்தத்தான் போகும். நமக்கெல்லாம் திருத்தத் தெரியும். அதுதான் பயமாக இருக்கிறது.

தலைமைப் பொறுப்புக்கு வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள். கூட்டத்துக்கு வருகிறேன், பின்வரிசையில் உட்கார்ந்து கேலி பேசுகிறேன்.

பிறகு நடந்தது இவ்வளவுதான். அந்த மாதமே மருந்துக்கடையில் வேறு ஒருவரைச் சேர்த்துக்கொண்டார்கள். மாதேஷ் மென்பொருளைச் சரிசெய்துவிட்டான், இப்போது நிறுத்தமும் நிறுத்தாமையும் தனித்தனிப் பக்கங்கள். நிறுத்தாமைப் பக்கத்தில் அதற்குப் பிறகு யாரும் எதுவும் எழுதவில்லை. கடைசியாக எழுதியவர் என்று நிர்வாகியைத்தான் காட்டுகிறது. பர்வீன் இரண்டாவது மனு கொடுக்கவில்லை. காலை வண்டி ஊத்துக்குழி பிரிவில் நிற்பதில்லை. அந்த வண்டிக்காக அவர் நிற்பதும் இல்லை.